திருட்டுக் கும்பலும் ரத்தக்காட்டேரியும் ஒரே படத்தில்: செட்டிநாட்டு வீட்டில் குறைந்த செலவில் எடுக்க யோசனை வேண்டும்

தேவகோட்டை ரஸ்தா:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து ஒரு முழுநீளப் படம் எடுக்க இறங்கியிருக்கிறோம். எல்லோருமே கல்யாண வீடியோ, குறும்படம் என்று வேலை பார்ப்பவர்கள், கேமராவும் லென்ஸும் எங்களிடமே இருக்கின்றன, இல்லாதது பணம்தான். அதனால் ஒரே வீடு, ஓர் இரவு, அதற்கு அடுத்த பகல், கொஞ்சம் நடிகர்கள் என்று கதையைச் சுருக்கிவிட்டோம்.

கதை இதுதான். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் இருந்து பர்மா தேக்குக் கதவு நிலை, தூண், பெல்ஜியம் கண்ணாடி, தஞ்சாவூர்ப் படம் எல்லாம் கழற்றி விற்கிற ஒரு கும்பல், மொத்தம் நான்கு பேர். ஒருவன் தச்சு வேலை தெரிந்தவன், நிலையைச் சேதமில்லாமல் பிரித்து எடுப்பது அவன் வேலை. ஒருத்தி வண்டி ஓட்டுகிறாள். மூன்றாவது ஆள் அந்த வீட்டுப் பங்காளிகளில் ஒருவரின் மகன், எந்த அறையில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத்தான் தெரியும். நான்காவது ஆள் தலைவன். வெளியூர்க்காரர் ஒருவர் முன்பணம் கொடுத்து அந்த வீட்டு முகப்பு நிலையைக் கேட்கிறார். ராத்திரி உள்ளே போகிறார்கள், முற்றத்தைத் தாண்டி உள்ளே இருக்கும் இரண்டாங்கட்டில் ஒரு பெரிய தேக்குப் பெட்டி. 1942-இல் ஜப்பான் ராணுவம் பர்மாவுக்குள் வந்தபோது ரங்கூனில் கடையை விட்டுவிட்டுத் தப்பி வந்த ஒரு பெரியவர் அதற்குள் இருக்கிறார். வட்டிக்கடை நடத்தியவர். சாகவில்லை, ரத்தம் குடித்துக்கொண்டு அப்படியே இருக்கிறார்.

இங்கேதான் எங்களுக்குள் சண்டை. பேய்ப்படம் என்று நம்பி வருகிறவன் காத்திருக்க மாட்டான், முதல் பத்து நிமிடத்திலேயே காட்டிவிட வேண்டும் என்கிறான் எங்கள் எடிட்டர். எனக்கு அதில் சம்மதம் இல்லை, பாதிப் படம் வரை இது வெறும் திருட்டுப் படமாகவே ஓட வேண்டும் என்பது என் ஆசை. இந்த மாதிரி இரண்டையும் கலந்து குறைந்த செலவில் வந்த படங்களில் எதையெல்லாம் உட்கார்ந்து பார்க்க வேண்டும், எங்கே கற்றுக்கொள்ளலாம், எங்கே ஏமாந்துவிடுவோம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பழைய வீட்டுக்குள் படப்பிடிப்பு நடத்திய அனுபவம் உள்ளவர்களும் சொன்னால் பெரிய உதவி, ரத்தக் காட்சிகள் நிறைய இருக்கின்றன.

இரண்டாம் ஆட்டம்:

தம்பி, உங்கள் பக்கம்தான் நானும். ஆனால் எந்த நிமிடத்தில் காட்டுவது என்பதைவிட, காட்டிய பிறகு திருட்டுக் கதை என்ன ஆகிறது என்பதுதான் இந்த வகைப் படங்களில் உயிர்நாடி. பத்தில் ஒன்பது படங்கள் அங்கேதான் விழுகின்றன. முதல் பாதியில் பணம், பங்கு, யார் யாரை ஏமாற்றுகிறான் என்று அருமையாகக் கட்டிக்கொண்டு வருவார்கள், பல் வெளியே வந்ததும் அத்தனையையும் மறந்துவிட்டு ஓட்டமும் கத்தலும் மட்டும் மிஞ்சும்.

எல்லோரும் முதலில் சொல்லப்போவது ‘ஃப்ரம் டஸ்க் டில் டான்’, 1996, ராபர்ட் ரோட்ரிகஸ் இயக்கம், எழுத்து டாரன்டினோ. வங்கியைக் கொள்ளையடித்த அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு பாதிரியார் குடும்பத்தைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு மெக்சிகோ எல்லையைத் தாண்டி ஒரு மதுக்கடைக்குப் போகிறார்கள், பாதிப் படம் தாண்டுகிற இடத்தில் அந்தக் கடையே ரத்தக்காட்டேரிகளின் கூடாரம் என்று தெரிகிறது. அது குறைந்த செலவுப் படம் இல்லை, அந்தக் காலத்திலேயே ஏறத்தாழ 1.9 கோடி டாலர். அதைப் பார்த்துவிட்டு அந்தப் பின்பாதி கலவரத்தை நம் வசதிக்குச் செய்யப் போனால் கண்டிப்பாகக் கையைச் சுட்டுக்கொள்வீர்கள். அதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது கடைசிக் காட்சி. விடிந்துவிட்டது, உடன் வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் செத்துவிட்டார்கள், அப்போதும் மிஞ்சிய அண்ணன் தன்னை அங்கே வரச்சொன்ன ஆளிடம் பங்குச் சதவீதத்தைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறான். அந்த ஒரு பேரம்தான் இரண்டு பாதியையும் சேர்த்துத் தைக்கிறது. படம் முழுக்க அவன் குற்றவாளியாகவே இருந்தான் என்று நமக்குத் தெரிவது அங்கேதான்.

நீங்கள் மறுபடி மறுபடி பார்க்க வேண்டியது ‘நியர் டார்க்’, 1987, கேத்ரின் பிகலோ. பின்னால் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் வாங்கிய முதல் பெண் அவர்தான், இது அவருடைய ஆரம்ப காலப் படம், செலவு சுமார் 50 லட்சம் டாலர். அதில் ரத்தக்காட்டேரிகள் கோட்டையில் வாழும் பிரபுக்கள் இல்லை, ஜன்னலை எல்லாம் மறைத்த வண்டிகளைத் திருடிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் ஒரு கொள்ளைக் கூட்டம். ரத்தக்காட்டேரி என்ற சொல்லை யாரும் ஒரு தடவைகூட உச்சரிப்பதில்லை. கோரைப் பற்களும் இல்லை. ஒரு பகல் நேரத் துப்பாக்கிச் சண்டை வரும் பாருங்கள், தங்கும் விடுதி அறைக்குள் அவர்கள், வெளியே போலீஸ். தோட்டா பட்டால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் சுவரில் தோட்டா துளைத்த ஒவ்வொரு ஓட்டையிலும் வெயில் கம்பியாக உள்ளே இறங்குகிறது, அந்த வெயில்தான் சுடுகிறது. போலீஸ் படத்தின் துப்பாக்கிச் சண்டையும் பேய்ப்படத்தின் விதியும் ஒரே ஷாட்டில் ஒன்றாகிவிடுகின்றன. புகை, சுவரில் ஓட்டை, வெளியில் இருந்து ஒரு பெரிய விளக்கு, இவ்வளவுதான் அதற்கு அடிப்படைத் தேவை. உங்கள் வீட்டில் வளவு, அதாவது நடுவில் வானம் பார்த்த முற்றம் இருக்கிறது, யோசித்துப் பாருங்கள்.

உங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமான ஒன்று ‘க்ரோனோஸ்’, 1993, கியர்மோ டெல் டோரோவின் முதல் படம். பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஒரு முதியவர் தேவதைச் சிலையின் அடிப்பாகத்தில் ஒளித்து வைத்த ஒரு தங்கக் கருவியைக் கண்டெடுக்கிறார், அது கையைக் கடித்துச் சாகாத உயிரைக் கொடுக்கிறது, கூடவே ரத்த தாகத்தையும். அதைக் கைப்பற்ற ஒரு பணக்கார நோயாளி தன் அடியாளை அனுப்புகிறான். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஏதாவது ஒரு பழைய சாமான் கடைக்குள் நுழைந்து பாருங்கள், பாதிப் படம் அங்கேயே தயாராக இருக்கிறது. ஒரு விருந்தில் யாருக்கோ மூக்கில் ரத்தம் வடிந்து கழிவறைத் தரையில் சொட்டிக் கிடக்கும், அந்த முதியவர் நல்ல கோட்டும் சூட்டுமாகத் தரையில் குனிந்து அதை நக்குவார். ஒரு சொட்டு ரத்தம், ஒரு நடிகர், பளபளப்பான தரை. நூறு பேரைக் கொன்று காட்டினாலும் வராத அருவருப்பும் இரக்கமும் அதில் வருகிறது.

மாஃபியாவும் ரத்தக்காட்டேரியும் என்றால் ஜான் லேண்டிஸின் ‘இன்னசென்ட் பிளட்’, 1992. குற்றவாளிகளை மட்டும் கடிக்கும் ஒரு பெண், அவளிடம் சிக்கிப் பாதியில் தப்பிய கும்பல் தலைவன் தன் ஆட்கள் எல்லோரையும் தன்னைப் போலவே ஆக்கத் தொடங்குகிறான். யோசனை பிரமாதம், படம் சுமார். 2024-இல் வந்த ‘அபிகெயில்’ பாருங்கள், பிடிக்கிறதோ இல்லையோ கண்டிப்பாகப் பாருங்கள், ஏனென்றால் ஒரு கடத்தல் கும்பல் ஒரு பெரிய வீட்டுக்குள் அடைபட்டு, தாங்கள் கடத்திய சிறுமியே ரத்தக்காட்டேரி என்று கண்டுபிடிக்கிற கதை அது. உங்கள் படத்தைப் பார்க்கிறவர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். எங்கே வேறுபடுகிறோம் என்பதற்கு உங்களிடம் தெளிவான பதில் இருக்க வேண்டும்.

நம் ஊரில் ‘பீட்சா’ (2012) ஒன்று போதும். பார்க்காதவர்கள் அடுத்த வரியைத் தாண்டிவிடுங்கள். ஒரு வீடு, ஒரு டார்ச், ஒரு நடிகர் என்று நம்மைப் பயமுறுத்திவிட்டு, கடைசியில் அந்தப் பேய்க்கதையே வைரத் திருட்டை மறைக்கச் சொன்ன பொய் என்று மாற்றும் படம் அது. நீங்கள் போவது நேர் எதிர்த் திசையில், அதனாலேயே அதை அக்கக்காகப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

எடிட்டரிடம் சொல்லுங்கள், பத்தாவது நிமிடத்தில் காட்ட வேண்டியதில்லை. ஆனால் அதற்குள் அந்த வீட்டில் ஏதோ ஒரு கணக்கு இடிக்கிறது என்று பார்ப்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளத்தூர்க்காரி:

தம்பி, நான் கலை இயக்கப் பிரிவில் வேலை பார்க்கிறேன், இந்தப் பக்கத்து வீடுகளில் படப்பிடிப்புக்கு நிறைய நின்றிருக்கிறேன். படங்களைப் பற்றி அண்ணன் நன்றாகச் சொல்லிவிட்டார், நான் தரையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் ரத்தம் கடைசியில் விழப்போவது அங்கேதான்.

இந்த வீட்டுத் தரைகளில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட ஓடு இல்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும், அதற்கு மேல் ஈரக்கலவையும் போட்டு, அப்புறம் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. மேலே பளபளப்பாக இருந்தாலும் அது நிறத்தைக் குடிக்கும். சர்க்கரைப் பாகில் ஃபுட் கலர் கலந்த ரத்தம் ஒரு மணி நேரம் கிடந்தால் போதும், அந்த ரோஸ் நிறக் கறையை எத்தனை தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தாலும் எடுக்க முடியாது. அந்தக் கறையோடு அந்த வீட்டுக்காரர்கள்தான் அப்புறம் இருக்க வேண்டும். அதனால் ரத்தம் விழுகிற இடத்துத் தரையை நேர் மேலிருந்து நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து, அதே அளவில் பளபளப்பில்லாத மேட் வினைல் விரிப்பில் அச்சடித்து விரித்துவிடுங்கள், கல்லின் கோடும் அச்சின் கோடும் ஒன்றாக வருகிற மாதிரி. இரவுக் காட்சியில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அடுத்த டேக்குக்குத் துடைத்துவிட்டு உடனே போகலாம் என்பது இன்னொரு லாபம்.

சுவர் அதைவிட ஆபத்து. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு, நூறு வருடத்துப் பளபளப்பு, அதன் மேல் செல்லோ டேப் ஒட்டிப் பிடுங்கினால் பூச்சும் சேர்ந்து வந்துவிடும். கேபிளைச் சுவரில் ஒட்டவே ஒட்டாதீர்கள், தேக்குத் தூணில் ஆணி அடிக்கும் பேச்சே வேண்டாம். சுவரில் ரத்தம் தெறிக்க வேண்டுமென்றால் அந்த ஒரு துண்டுச் சுவரைப் பிளைவுட்டில் தனியாகச் செய்து நெருக்கமான ஷாட்டில் எடுங்கள்.

சர்க்கரைப் பாகு என்றால் எறும்பு வரும். அதுவும் பூட்டிக் கிடந்த வீட்டில் எங்கிருந்துதான் வருமோ, நடிகர் பிணமாகப் படுத்திருக்கும்போது கழுத்தில் ஏறும். அந்தந்தக் காட்சி முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். வெறும் சிவப்பு நிறம் கேமராவில் ஜாம் மாதிரி தெரியும், கொஞ்சம் கோகோ பவுடரும் ஒரே ஒரு சொட்டு நீலமும் சேர்த்தால்தான் உறைகிற ரத்தத்தின் நிறம் வரும். கறுப்பு வெள்ளையில் எடுக்கலாமா என்று ஒரு தடவை யோசியுங்கள். ‘சைக்கோ’ படத்தில் ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப்தான் பயன்படுத்தினார்கள். 2014-இல் அனா லில்லி அமிர்பூர் எடுத்த ‘எ கேர்ள் வாக்ஸ் ஹோம் அலோன் அட் நைட்’ கறுப்பு வெள்ளைதான், பாரசீக மொழிப் படம், ஆனால் கலிபோர்னியாவில் ஒரு எண்ணெய்க் கிணற்று ஊரில் எடுத்தது. சாதர் போர்த்திய பெண் ரத்தக்காட்டேரி, போதைமருந்து விற்கும் ரவுடி ஒருவன் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போகும் காட்சி வரும், அதில் வெளிச்சமும் துணியும் செய்யும் வேலையைப் பாருங்கள். பணம் இல்லாத படம் என்று எங்குமே தோன்றாது.

திருடப்போகும் நிலையைப் பற்றி. நிஜ நிலையைக் கழற்ற எந்த வீட்டிலும் விட மாட்டார்கள், விடவும் கூடாது. அண்ணன் சொன்ன அதே கடைகளில் பழைய நிலைகள் சாத்தி வைத்திருப்பார்கள், ஒன்றை வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள், அதற்கேற்ப ஒரு சுவர்த் துண்டைச் செய்துகொள்ளலாம். உங்கள் தச்சன் வேலை செய்கிற காட்சியை நிஜத் தச்சு வேலை தெரிந்தவரைக் கையாக வைத்து எடுங்கள். உளி பிடிக்கத் தெரியாதவன் உளி பிடித்தால் இந்த ஊரில் தியேட்டரே சிரிக்கும்.

இன்னொன்று, அனுமதி. சாவி வைத்திருப்பவர் சரி என்றால் போதாது. இந்த வீடுகள் பெரும்பாலும் பல பங்காளிகளுக்குப் பொது, ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார், ஒருவர் சென்னையில் இருப்பார். பேய்ப்படம், அதுவும் அவர்கள் வீட்டுப் பெரியவர் ரத்தம் குடிக்கிறார் என்று பிறகு தெரியவந்தால் நடுப் படப்பிடிப்பில் நிற்க வேண்டி வரும். கதையை முழுசாகச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். படையல் போடும் அறையைக் கதைக்குள் கொண்டுவராதீர்கள்.

கானாடுகாத்தான் காற்று:

அக்கா கடைசியில் தொட்ட இடத்தில் இருந்து நான் ஆரம்பிக்கிறேன். தம்பி, அந்த வட்டிக்கடைப் பெரியவர் வேண்டாம்.

வட்டி வாங்குகிறவனை ரத்தம் உறிஞ்சுகிறவனாகக் காட்டுவது உலகம் முழுக்க அடித்துத் துவைத்த படிமம். மூலதனம் ரத்தக்காட்டேரி போல உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழ்கிறது என்று 1867-லேயே மார்க்ஸ் எழுதிவிட்டார், அது ஓர் அமைப்பைப் பற்றிய பேச்சு. அதையே எடுத்து ஒரு குறிப்பிட்ட சமூகத்து முதியவர் மேல் வைத்து, அவர்கள் வீட்டுக்குள்ளேயே படம் எடுத்தால் அது அந்தச் சமூகத்தை இழிவுபடுத்துவதாகத்தான் முடியும். 1942-இல் பர்மாவில் இருந்து நடந்தே வந்தவர்கள், வழியில் செத்தவர்கள், உழைத்துச் சேர்த்ததை எல்லாம் விட்டுவிட்டு வந்தவர்கள், அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்னும் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். அந்தத் துயரத்தைப் பயமுறுத்தும் சாமானாக மாற்றுவதற்கு என்ன தேவை இருக்கிறது? கடன்பட்டுச் செத்த பர்மா விவசாயியின் பக்கம் இருந்து ஒரு கதை சொல்ல வேண்டுமா, தாராளமாகச் சொல்லலாம், ஆனால் அது வேறு படம், அதற்கு வேறு உழைப்பு வேண்டும்.

என் யோசனை இது. அந்த வீட்டுக்குள் இருப்பது வீட்டுக்காரர் இல்லை, முன்னால் திருட வந்த இன்னொரு கும்பலின் ஆள். முப்பது நாற்பது வருடத்துக்கு முன்னால் இதே நிலையைக் கழற்ற வந்தவன், கூட்டாளிகள் அவனை உள்ளே அடைத்துவிட்டுச் சாமானோடு போய்விட்டார்கள். இரண்டாம் ஆட்டம் அண்ணன் சொன்ன பங்குக் கணக்கு அங்கே தானாக வந்து உட்காருகிறது. அவனுக்கு ரத்தமும் வேண்டும், தன் பங்கும் வேண்டும். முன்பணம் கொடுத்த வெளியூர்க்காரர் யார் என்பதற்கும் ஒரு பதில் கிடைத்துவிடும், அன்று அவனைக் கைவிட்டுப் போன கூட்டாளி அவர்தான், இப்போது வயதாகிவிட்டது, சாகாமல் இருக்கும் வழி அந்த வீட்டுக்குள் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ‘அபிகெயில்’ போல இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது.

விதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரத்தக்காட்டேரி என்று சொல்லும்போது கவனம், காட்டேரி அம்மனைக் குலதெய்வமாகக் கும்பிடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அந்தப் பெயரையோ வழிபாட்டையோ படத்துக்குள் இழுக்க வேண்டாம். ‘நியர் டார்க்’ மாதிரி பெயரே சொல்லாமல் விட்டுவிடுவது எல்லா வகையிலும் நல்லது. வெயில் பட்டால் எரிவது என்பதும் ஏதோ ஆதிகாலத்து விதி இல்லை. 1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய நாவலில் டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறான், அவனுடைய சக்தி குறையுமே தவிர எரிந்துபோக மாட்டான். சூரிய ஒளியில் அழிவது 1922-இல் முர்னோ எடுத்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்கிற மௌனப் படத்தில் வந்தது. ஆக இவை எல்லாம் படம் எடுக்கிறவர்கள் தங்கள் தேவைக்கு வைத்துக்கொண்டவை, உங்கள் வீட்டுக்கு ஏற்ற விதியை நீங்களும் வைத்துக்கொள்ளலாம்.

அழைக்காமல் உள்ளே வர முடியாது என்ற விதி ஸ்டோக்கரிடமே இருக்கிறது, வீட்டார் ஒருவர் முதலில் வரவேற்றால்தான் அது நுழைய முடியும். உங்கள் கதையில் அழைக்காமல் நுழைகிறவர்கள் திருடர்கள். அந்தப் பங்காளி மகன் ஒருவனுக்குத்தான் அந்த வீட்டில் யாரையும் ‘வாங்க’ என்று சொல்லும் உரிமை இருக்கிறது. உள்ளே இருப்பது இரண்டாங்கட்டைத் தாண்டி முகப்புக்கு வர அவன் வாயில் இருந்து அந்தச் சொல் வர வேண்டும் என்று வையுங்கள். இந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு வாசலில் யார் நின்றாலும் ‘வாங்க’ என்று சொல்வது மூச்சு விடுகிற மாதிரி, அதை ஓர் இரவு முழுக்க அவன் அடக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

தேவகோட்டை ரஸ்தா:

அண்ணே, அக்கா, எல்லோருக்கும் நன்றி. பழைய கூட்டாளி யோசனையை இன்று எங்கள் ஆட்களிடம் சொன்னேன், எடிட்டர் உட்பட எல்லோரும் அதுதான் கதை என்கிறார்கள். பர்மாப் பெரியவரை எடுத்துவிட்டோம், பெட்டியும் போகிறது. வெளியூர்க்காரர் முதல் காட்சியிலேயே நிலையின் ஒரு போட்டோவைக் காட்டுவார், அந்த போட்டோ வீட்டுக்கு உள்ளே இருந்து எடுத்தது என்பதைப் பங்காளி மகன் மட்டும் கவனிப்பான். பத்து நிமிடத்துக்குள் கணக்கு இடிக்க வேண்டும் என்று சொன்னீர்களே, அது இதுதான்.

இப்போது வளவு. பகல் காட்சியை அங்கே வைக்கிறோம். திருடர்கள் முகப்புப் பக்கம், உள்ளே அடைபட்ட பழைய திருடன் இரண்டாங்கட்டுப் பக்கம், நடுவில் வெயில். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருப்பதால், பின்பக்கம் நிறுத்திய வண்டிக்குப் போக வேண்டுமானால் அவன் இருக்கும் கட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். முன்வாசலில் ஆள் நடமாட்டம், நிலையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போக முடியாது. வெயில் நகர நகர அவர்களுக்கு இடம் சுருங்குகிறது. இதை ஒரே நாளில் எடுக்க முடியாது என்று தெரியும், வெயில் நகர்வதைத் தொடர்ச்சி கெடாமல் எப்படிச் சமாளிப்பது? சத்தத்தைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள், அந்த வீட்டில் தும்மினால்கூட நாலு தடவை கேட்கிறது.

பள்ளத்தூர்க்காரி:

முதலில் கேமரா இல்லாமல் ஒரு முழுப் பகல் அந்த வளவில் உட்காருங்கள். அரைமணிக்கு ஒரு தடவை வெயில் விழும் ஓரத்தைச் சாக்பீஸால் குறித்து போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்தத் தூணை எப்போது தொடுகிறது என்று ஒரு படம் வரைந்துவிடலாம். பிறகு அந்தந்த வசனத்தை அந்தந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள், பரந்த ஷாட்டுகளை மட்டும் நிஜ வெயிலில் எடுத்தால் போதும். நெருக்கமான ஷாட்டுகளுக்கு வளவைச் சுற்றிய தாழ்வாரத்தில் கறுப்புத் துணி கட்டி, மேலே இருந்து ஒரு விளக்கை வைத்து எந்த நேரத்திலும் எடுக்கலாம். திருட்டுப் பயத்தில் பல வீடுகளில் வளவுக்கு மேலே இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள், உங்கள் வீட்டில் இருந்தால் அதை மறைக்காதீர்கள். கம்பி நிழல் தரையில் கட்டம் கட்டமாக விழும், அவன் அந்த நிழல் கோடுகளின் மேல் கால் வைத்து வர முயல்வதை எடுத்துப் பாருங்கள்.

ஒலிப்பெட்டி:

சத்தத்துக்கு நான் வருகிறேன். அந்த எதிரொலியைக் கொல்லப் பார்க்காதீர்கள், இடம் பார்த்துப் பயன்படுத்துங்கள். முகப்பில் கல்தூணும் பளிங்குத் தரையும், அங்கே எதிரொலி அதிகம். அடுப்படியில் குறைவு. ஒவ்வொரு கட்டிலும் ஆள் இல்லாத அமைதியைத் தனித்தனியாகச் சில நிமிடம் பதிவு செய்து வையுங்கள், எடிட்டில் எந்தக் கட்டில் இருக்கிறோம் என்பதைக் காதே சொல்லிவிடும். வசனத்துக்குச் சட்டையில் வைக்கும் லேபல் மைக், கேமராவுக்குப் பின்னால் ஜமுக்காளம், பழைய மெத்தை எது கிடைத்தாலும் தொங்கவிடுங்கள். திருடர்கள் கிசுகிசுப்பாகத்தான் பேசுவார்கள் என்பதால் ஜெனரேட்டரை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய்விட வேண்டும், இல்லாவிட்டால் மொத்தமும் டப்பிங்தான். டப்பிங்கில் கிசுகிசுப்பு உயிரோடு வருவது கஷ்டம்.

பூட்டிய வீடுகளில் வௌவால் இருக்கும், நல்ல ஷாட் என்று விளக்கடித்துக் கலைக்காதீர்கள். மிருகம், பறவை எது படத்தில் வந்தாலும் விலங்கு நல வாரிய அனுமதி கேட்பார்கள், அது இல்லாமல் சென்சாரில் நிற்கும். சத்தத்தை மட்டும் சேர்த்துக்கொண்டால் வம்பே இல்லை.

சென்சார் என்றதும் இன்னொன்று. ஏ சான்றிதழ் வந்தால் வெட்டி மறுசான்றிதழ் வாங்காமல் தொலைக்காட்சிக்கு விற்க முடியாது, சின்னப் படத்துக்கு அது பெரிய அடி. 2024 விதிகளில் யூஏ சான்றிதழை 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்திருக்கிறார்கள், நீங்கள் 16-ஐக் குறிவைத்து எழுதுங்கள். கழுத்தில் பல் இறங்குவதைக் காட்டுவதைவிட வினைல் தரையில் ரத்தம் கோட்டைத் தாண்டி ஓடுவதைக் காட்டுங்கள். ‘ஃப்ரம் டஸ்க் டில் டான்’ படத்திலேயே அமெரிக்கத் தணிக்கைக்குப் பயந்து காட்டேரிகளின் ரத்தத்தைப் பச்சை ஆக்கினார்கள். நமக்குக் கறுப்பு வெள்ளை இருக்கிறது, அக்கா சொன்னதை நானும் வழிமொழிகிறேன்.

இரண்டாம் ஆட்டம்:

வளவுக் காட்சி கேட்கவே நன்றாக இருக்கிறது தம்பி. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். ஜார்ஜ் ரொமேரோவின் ‘மார்ட்டின்’ கிடைத்தால் பாருங்கள், 1970-களின் இறுதியில் ஒரு செத்துக்கொண்டிருக்கும் எஃகு ஆலை ஊரில் மிகக் குறைந்த செலவில் எடுத்தது. அதில் அந்தப் பையனுக்குப் பல் கிடையாது, ஊசி மருந்தும் பிளேடும்தான், அவன் நிஜமாகவே ரத்தக்காட்டேரியா அல்லது வெறும் கொலைகாரனா என்று படம் கடைசி வரை முடிவு சொல்லாது. உள்ளே இருக்கிற உங்கள் பழைய திருடனுக்கும் பல் வேண்டாம். அவனிடம் ஏற்கனவே உளி இருக்கிறது. தச்சன் தன் பையில் இருப்பதும் அவன் கையில் இருப்பதும் ஒரே பட்டறை உளி என்று கண்டுபிடிக்கட்டும், அதில் இருந்து அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் யார் என்ற கேள்வி வரும், உங்கள் இரண்டாம் பாதிக்கு அது போதும். எழுதி முடித்ததும் முதல் வரைவை இங்கே போடுங்கள், நான் படித்துச் சொல்கிறேன்.